திட்டு நோம்பி

எனக்குக் கல்யாணமாகிப் போன ஊர் உடுமலைப்பேட்டைக்கு வடகிழக்கே, அமராவதி ஆற்றங்கரையில் இருந்தது. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு அணை கிடையாது. மலையில் மழை பெய்தால் தண்ணீர் வரும். பெய்யாவிட்டால் மணலும் பாறையும்தான். ஊருக்கு எதிரே ஆறு இரண்டாகப் பிரிந்து, நடுவில் கொஞ்சம் நிலத்தை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் மறுபடி ஒன்று சேரும். அந்த நிலத்தைத் திட்டு என்போம். அதன் தெற்கு முனை பாறையும் மேடுமாக இருக்கும். வடக்கே போகப் போகச் சரிந்து வெறும் மணலாகிவிடும். நடுவில் கிழட்டு மருத மரங்கள். மர நிழலில் கன்னிமார் கோயில். கோயில் என்றால் கோபுரமோ மதிலோ இல்லை. மஞ்சள் பூசிய ஏழு கற்கள், முன்னால் ஒரு சூலம், அவ்வளவுதான்.

திருவிழாவை எங்கள் பக்கத்தில் நோம்பி என்று சொல்வார்கள். சித்திரைக் கோடையில், காட்டு வேலை ஓய்ந்து கிணறுகளும் வற்றத் தொடங்கிய பிறகு, சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கூடித் திட்டில் நோம்பி சாட்டும். வருஷம் பூராவும் ஆடுகள் மட்டும் மேய்கிற இடத்தில் அந்தச் சில நாட்கள் ஒரு ஊரே முளைத்துவிடும். எங்கள் கரையிலிருந்து திட்டுக்குப் போகும் பிரிவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாவிளக்குத் தட்டைத் தலையில் வைத்து நடந்தே போவோம். வளையல்காரர்கள், பொரிகடலைக்காரர்கள், பானகப் பந்தல், தாராபுரம் பக்கத்திலிருந்து வரும் மேளக் கோஷ்டி என்று எல்லாம் திட்டுக்கு வரும். மேளக் கச்சேரிதான் பெரிய விசேஷம். சுவரும் கூரையும் இல்லாத இடத்தில், தண்ணீருக்கு நடுவில், நாதஸ்வரம் எப்படிக் கேட்கும் என்பதைச் சொன்னால் புரியாது. கரையில் வண்டியோடு நின்றவர்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் இல்லை. என் மாமனார், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை, இவ்வளவு பேர்தான். அந்தப் பெண் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். தாயில்லாத அந்தப் பெண் நாளைக்கு நூறு தடவை என்னை நங்கை, நங்கை என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். மாடு கறக்கும்போது பாடுவாள், பருத்தி எடுக்கும்போது பாடுவாள், அம்மி அரைக்கும்போது பாடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்வாள். வார்த்தை மறந்துபோனால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்வாள். நோம்பியில் கும்மிக்கு அவள்தான் முதல் குரல். அவள் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, சுற்றுகிற பெண்கள் எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள்.

அந்த வருஷம் தை மாசத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, உப்புச் சக்கரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வைகாசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை எங்கள் கரையிலேயே ஆற்றோடு கொஞ்சம் கீழே போனால் வரும் ஊர். தகப்பன் இல்லை. தாய்க்கு ஒரே பிள்ளை. இருந்த கொஞ்சம் காட்டில் மழை பொய்த்துப் போனதால் கோயமுத்தூருக்குப் போய் மில் வேலையில் சேர்ந்திருந்தார். நீலகிரி மலையிலிருந்து பைக்காரா கரண்ட் வந்து அங்கே மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது.

நோம்பிக்கு லீவு வாங்கிக்கொண்டு அவர் ரயிலில் உடுமலைப்பேட்டை வந்து, அங்கிருந்து நடந்தே திட்டுக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வகிடெடுத்துச் சீவியிருந்தார். நெட்டையான ஆள். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். என் வீட்டுக்காரருடன் மருத மரத்தடியில் உட்கார்ந்து மில் கதை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"உள்ள போனா பஞ்சு பறந்துட்டே இருக்குமுங்க மச்சான். வெளிய வர்றப்ப எல்லாரும் கெழவனாட்டம் தலை நரைச்சுப்போய் வருவோம்."

"அம்மாவை என்ன பண்றதாட்டம்?" என்று இவர் கேட்டார்.

"கல்யாணம் ஆச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவனுங்க. உக்கடத்துப் பக்கம் ஒரு ஊடு பாத்து வெச்சிருக்கேன். குளத்தங்கரையோரம். அம்மாவுக்குத் தண்ணியைப் பாக்காம இருக்க முடியாது. ஆத்துக்காரங்க இல்லீங்களா."

நிச்சயமான பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளக்கூடாது. பார்க்கலாம், அதுவும் மற்றவர்கள் பார்க்காதபோது. கும்மி சுற்றிக்கொண்டிருந்த அவள், ஆண்கள் கூட்டத்தில் அவரைக் கண்டதும் பாட்டை அப்படியே விட்டுவிட்டாள். கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மற்ற பெண்கள் வாய் திறந்து காத்திருந்துவிட்டுச் சிரித்துப்போட்டார்கள். அப்புறம்தான் சமாளித்து அடுத்த அடியை எடுத்தாள்.

கும்மி முடிந்ததும் கேட்டேன். "ஏங் கண்ணு, பாட்டை மறந்துபோட்டயா?"

"வெயிலுங்க நங்கை. தலை சுத்திப்போச்சு."

"மருத மரத்து நெழல்ல வெயிலா?"

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் முகத்தின் சூடு ரவிக்கைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது.

கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் மேளக் கச்சேரி தொடங்கியது. திட்டு நிறைய ஜனம். நாங்கள் எல்லாரும் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். பண்ணையத்தில் வேலை செய்கிற குடும்பங்கள் வடக்கு முனை மணலில், வெயிலில், தள்ளி நின்றுதான் கேட்க வேண்டும். அன்றைக்கு வழக்கம் அப்படி. அதைப் பற்றி எங்களில் யாரும் யோசித்ததில்லை. எங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு துளி மேகம் இல்லை. தெற்கே மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. யாரோ ஒருவர், "மலையில நல்ல மழை போலிருக்குதுங்க, கன்னிமாரு கண்ணைத் தொறந்துட்டாங்க," என்று சொல்ல, எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

முதலில் கண்டது பண்ணையத்துப் பெண் ஒருத்தி. ஓரத்தில் குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தவள், தண்ணீர் செம்மண் நிறமாகி, சருகும் நுரையுமாக வருவதைப் பார்த்துக் கத்தினாள். மேளச் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் வழக்கத்தை மறந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஓடி வந்தாள். "ஆறு வருதுங்க! சாமி, ஆறு வருதுங்க!"

நாதஸ்வரம் பாதியில் நின்றது. அப்போதுதான் எங்களுக்கு ஆற்றின் சத்தம் கேட்டது. தூரத்தில் ரயில் வருகிற மாதிரி ஒரே சீராக இருந்தது.

அந்தப் பயத்தை இப்போது எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் கரைப்பக்கம் ஓடினோம். கணுக்கால் அளவு இருந்த பிரிவு அதற்குள் முழங்காலுக்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு. கரையோரத் தோட்டத்தில் கிணற்று இறைப்புக்கு மாடு பூட்டும் வடக்கயிறு இருந்தது. அதை எடுத்து வந்து, இந்தப் பக்கம் புளிய மரத்திலும் அந்தப் பக்கம் மருத மரத்திலும் கட்டினார்கள். நடுவில் பள்ளமான ஒரு இடம் உண்டு. அங்கேதான் இழுப்பு அதிகம். அந்த இடத்தில் மாப்பிள்ளை கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். வருகிறவர்களை ஒரு கையால் வாங்கி, அடுத்து நிற்கிற என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். குழந்தைகள், கிழவிகள், எங்கள் ஆட்கள், பண்ணையத்து ஆட்கள், யார் எவர் என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஒரே கயிற்றைத்தான் பிடித்தோம்.

அவளும் நானும் ஒன்றாகத்தான் இறங்கினோம். எனக்கு முன்னால் அவள். பள்ளத்துக்கு வந்ததும் அவளுக்குக் கால் எட்டவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பயப்படாதீங்க அம்மணி. கயித்தை மட்டும் உட்றாதீங்க."

"நீங்களும் வாங்க," என்றாள் அவள். அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"வாரேன். நீங்க போங்க. இன்னுங் கொஞ்சம் பேருதான், முடிச்சுப்போட்டு வாரேன்."

என்னையும் அவர்தான் கை மாற்றிவிட்டார். அவர் கை சில்லிட்டிருந்தது. முகத்தில் பதட்டமே இல்லை. மில்லில் மூட்டை கை மாற்றுகிறவர் மாதிரி வேலையில் மட்டும் கண்ணாக இருந்தார்.

நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தெற்கேயிருந்து ஒரு மரம் வந்தது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த பெரிய மரம். அது ஒரு தடவை உருண்டு, கிளையை மேலே தூக்கி, மறுபடி முழுகியது. பார்த்தவர்கள் கத்தினார்கள். கயிற்றில் இருந்தவர்கள் கரைப்பக்கம் பாய்ந்தார்கள். என் வீட்டுக்காரரை இரண்டு பேர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மரம் கயிற்றில் மோதியது. கயிறு அறுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது கயிறும் இல்லை, அவரும் இல்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

திட்டில் இன்னும் ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். பூசாரி, மேளக்காரர்கள், கால் முடியாத சில வயசாளிகள். அவர்கள் கோயில் கற்களைத் தாண்டித் தெற்கு முனைப் பாறை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மறுநாள் வெயில் ஏறியதும் தண்ணீர் வடிந்து, ஒவ்வொருவராக நடந்தே கரைக்கு வந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. திட்டின் மேடு முழுகவே இல்லை. நாங்கள் எல்லாரும் ஓடாமல் அந்தப் பாறை மேல் போய் நின்றிருந்தால் போதும். இதை நான் வாழ்நாள் பூராவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். நினைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவரை மறுநாள் சாயங்காலம் அவருடைய ஊருக்கும் கீழே, ஆறு வளைகிற இடத்தில், நாணல் புதரில் கண்டெடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. அழுவதற்கு ஒரு முறை வேண்டுமே. தாலி ஏறியிருந்தால் அவள் பெண்டாட்டி. ஏறவில்லை. தாய்மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தமாவது இருந்தால் அதைச் சொல்லி அழலாம். அதுவும் இல்லை. உப்புச் சக்கரை மாற்றியது ஒரு உறவா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவளைப் பார்த்து, "நல்லவேளை, கழுத்துல ஏறுறதுக்கு முன்னாடி போச்சு," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சாணி வழித்தாள், சோளம் இடித்தாள். வாய் மட்டும் அடைத்துப்போய்விட்டது. வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

சில நாள் கழித்து மாட்டுக் கொட்டகையில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள். "ஏனுங் நங்கை, அந்தம்மா தனியா இருப்பாங்கல்ல."

"சொந்தக்காரங்க இருப்பாங்க கண்ணு."

"நான் ஒருக்கா போய் உக்காந்துட்டு வரட்டுங்களா? ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா உக்காந்துட்டு வந்தர்றேன்."

நான் மாமனாரிடம் கேட்டேன். மருமகள் நேரே நின்று பேசுவது வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. 

"தாலி ஏறல, சடங்கு ஒண்ணும் ஆகல. இப்பவே ஊருக்குள்ள இவ ராசிதான்னு பேசிக்கறாங்க. எழவு ஊட்டுல போய் இவ உக்காந்தான்னா நாளைக்கு எவன் அம்மணி பொண்ணு கேட்டு இந்தப் படியேறுவான்? தாயில்லாத புள்ள. நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒருத்தன் கையில குடுக்கோணும்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கருமாதிக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். அப்பா முன்னால் உட்காரக்கூட மாட்டாதவர். "ஐயா, நாளைக்குக் காலையில நான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போறனுங்க. என் தலைமுடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க, நான் கரையேறிட்டேன். அவங்களைப் பிடிக்க ஆளில்லை. நான் போகாம இருக்க முடியாதுங்க. தங்கச்சியும் போகாம இருக்க முடியாது."

மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் நாங்கள் வண்டி பூட்டி ஏறி உட்கார்ந்தபோது வெளியே வந்தார். ஒரு மூட்டை அரிசியைத் தானே தூக்கி வந்து வண்டியில் வைத்தார். வாழைக்காயும் பருப்பும் ஒரு கூடையில் வைத்தார். அவளைப் பார்க்கவில்லை. "மாடு மெரளும், பதனமா ஓட்டு," என்று மகனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வீடு சின்ன வீடு. வாசலில் பச்சைப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் அழுகை நின்றது. "இந்தப் புள்ள எதுக்கு வந்துச்சு?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். 

அந்தத் தாய் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தார். அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும்தான் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் கையை நீட்டினார்.

"வந்துட்டியா கண்ணு? உன்னையக் காணமேன்னு பாத்துட்டே இருக்கறேன்."

அவள் ஓடிப்போய் அந்த அம்மாள் மடியில் விழுந்தாள். அத்தனை நாளும் அழாததெல்லாம் அப்போதுதான் வந்தது. அந்தத் தாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே என்னிடம், "எனக்கு வாய் அடைச்சுப்போச்சு அம்மணி. எம் பையனுக்கு ஒரு பாட்டுப் பாடி அழுக முடியலீங்க," என்று சொன்னார். அது பேச்சாக வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அவள் பாடத் தொடங்கினாள். ஒப்பாரி அவளுக்குப் பழக்கமில்லை. கல்யாணமாகாத பெண்கள் ஒப்பாரி வைக்கக்கூடாது. கும்மிப் பாட்டில் வார்த்தை மறந்தால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்வாளே, அந்த மாதிரி போட்டுப் போட்டுப் பாடினாள். இறந்தவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? பெண்டாட்டி மாதிரி கூப்பிட முடியாது. அதனால் தாய் மாதிரி கூப்பிட்டாள். என் மகனே என்றாள். உன்னைச் சுமந்த வயிறு என்றாள். குளத்தங்கரையில் ஊடு பார்த்தாயே, என்னைக் குடி வைக்காமல் போனாயே என்றாள். அந்தத் தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மாரில் அடித்துக்கொண்டார். தன் அழுகைக்கு அவர் அவள் குரலை வாங்கிக்கொண்டார் என்று எனக்குப் பட்டது. அவளுக்கும் தன் துக்கத்தை வெளியே விட வேறு வழி இருக்கவில்லை. "இந்தப் புள்ள எதுக்கு வந்துச்சு" என்று கேட்டவர்களும் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்று விம்மியதை அன்றைக்கு ஒரு தடவைதான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் திட்டில் நோம்பி நடக்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, கன்னிமார் கற்களுக்குப் பதிலாக இந்தக் கரையிலேயே வேறு கற்களை நட்டுப் பொங்கல் வைத்தார்கள். பண்ணையத்துக் குடும்பங்கள் பழையபடி தள்ளித்தான் நின்றார்கள். மேளக் கோஷ்டி வந்தது. ஆனால் கச்சேரி கேட்கக் கூட்டம் இல்லை. கும்மிக்கு அவளைக் கூப்பிட்டுப் பெண்கள் வந்தார்கள். "எனக்குத் தொண்டை சரியில்லீங்க," என்று சொல்லிவிட்டாள். மறு வருஷம் அவர்களும் கூப்பிடவில்லை.

மாமனார் பயந்தபடியே ஆயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சிலர் வீட்டுக்குள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள், சிலர் ஊர் எல்லையிலேயே திரும்பினார்கள். கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். பாக்கு, காய்கறி மண்டி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. முகத்தில் அம்மைத் தழும்பு. அதிகம் பேச மாட்டார். மாமனார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியுமுங்க, கேள்விப்பட்டுத்தான் வந்தனுங்க," என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் எங்கள் வீட்டுப் பந்தலில் நடந்தது. தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், வெளியே மாடு கட்டும் இடத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் நிற்பதைப் பார்த்தேன். இறந்துபோனவருடைய தாய்தான். யாரும் அழைக்கவில்லை. அழைக்கவும் முடியாது. விதவை, அதிலும் அவர், மணமேடை கண்ணில் படுகிற இடத்துக்கு வரலாமா? அவருக்கே தெரியும். அதனால்தான் கட்டுத்தறி ஓரத்தில் மறைந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பார்த்துவிட்டாள். யாரிடமும் கேட்காமல் கூறைச் சேலையோடு பந்தலை விட்டு இறங்கினாள். பெண்கள், "அம்மணி, எங்க போற?" என்று பதறினார்கள். மாமனார் எழுந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு மாலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். சாணியும் வைக்கோலும் கிடந்த தரையில் இரண்டு பேரும் அந்த அம்மாள் காலில் விழுந்தார்கள்.

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நான் கை வெக்கக்கூடாதுங்க சாமி. எந்திரிங்க. எந்திரி கண்ணு, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"நீங்க வெக்காட்டி நாங்க எந்திரிக்கறதில்லீங்க அம்மா," என்றார் மாப்பிள்ளை. பெண் கேட்டு வந்த நாளுக்கு அப்புறம் அவர் பேசி அப்போதுதான் நான் கேட்டேன்.

அந்த அம்மாள் இரண்டு கையையும் இரண்டு பேர் தலையிலும் வைத்தார்.  முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். சாப்பிடச் சொல்லி நான் பின்னால் ஓடினேன். நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் பந்தியை விட்டுவிட்டு வண்டி பூட்டிக்கொண்டு போய் அவரை ஊரில் விட்டு வந்தார்.

அவளுக்கு மேட்டுப்பாளையத்தில் நல்ல வாழ்க்கை அமைந்தது. இரண்டு பிள்ளைகள். நான் ஒரு தடவை போய்ச் சில நாள் இருந்தேன். அப்போது மூத்த பெண் கைக்குழந்தை. தூங்காமல் அழுதது. அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வாய் மூடி நின்றாள்.

"ஒரு தாலாட்டுப் பாடலாமே கண்ணு," என்றேன்.

"வர்றதில்லீங்க நங்கை. வாயைத் தொறந்தா அன்னைக்கு அங்க பாடினதுதான் வருது. புள்ளை காதுல அதைப் போடலாமுங்களா?"

பக்கத்து அறையிலிருந்து அவள் வீட்டுக்காரர் வந்தார். தொட்டில் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், பாக்கு மண்டியில் ஏலம் கூவுகிற குரலில் ஏதோ முனக ஆரம்பித்தார். குழந்தை தூங்கிவிட்டது. அது தினமும் நடக்கிறது போல. அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

யுத்தம் வருவதற்கு முந்தின கோடையில் அந்தத் தாய் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அவளே போய் மேட்டுப்பாளையத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மாள் ஆற்றை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். செய்தி கேட்டு நாங்கள் போனபோது, கொள்ளி வைப்பது யார் என்று பங்காளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "ஆட்சேபணை இல்லைன்னா நான் செய்யறனுங்க," என்றார். எந்த முறையில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் மறுபடி பாடினாள். இந்தத் தடவை முறை தெரிந்துதான் பாடினாள். அம்மா என்றே கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் பிசகவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவள் மூத்த பெண் ஓடிவந்து, அது தன் அம்மா குரல் என்று நம்ப முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

திரும்பி வரும்போது வண்டியில் அந்தக் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து, அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. "அம்மா, நீ பாடினயே, அது என்ன பாட்டு? எனக்கும் சொல்லிக் குடு."

அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். வெயில் கடுமையாக இருந்தது. வழியில் பனை மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஈரம் காயாத தலையோடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு நுங்காகத் தோண்டி எங்களுக்குக் கொடுத்தார். எல்லாரும் சாப்பிட்டோம். அவளும் சாப்பிட்டாள்.